300பி வால்வு ஆம்பா, பெஞ்ச்மார்க்கா? வேலூர் ஹாலில் ஒரு ஜோடி எல்எஸ்3/5ஏ

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு பவர் ஆம்ப்தான் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) வாங்க முடியும் என்றால், வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் பெஞ்ச்மார்க் நிறுவனத்தின் டிரான்சிஸ்டர் ஆம்பான ஏஎச்பி2 வாங்குவதே நல்லது. 300பி என்ற கண்ணாடிக் குழாய் வால்வில் ஓடும் ஆம்பின் இனிமை பொய்யில்லை, அது காதுக்கு நிஜமாகவே கிடைக்கிறது. ஆனால் வேண்டாத பாட்டுக்கு அதை நிறுத்தி வைக்க வழி கிடையாது. ஒரு லட்சமோ பல லட்சமோ கொடுத்து வாங்கும் பொருளில் இது சின்னக் குறை அல்ல.

கேட்ட இடம் காட்பாடியில் 14க்கு 12 அடி ஹால். 10 அடி உயரத்தில் கான்கிரீட் கூரை, கிரானைட் தரை, ஒரு பக்கம் இரண்டு ஜன்னல். இந்த ஊரில் புதிதாகக் கட்டிய வீடுகளில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. ஸ்பீக்கர், உரிமம் பெற்றுப் புதிதாகச் செய்யப்பட்ட 15 ஓம் எல்எஸ்3/5ஏ. ஒரு பக்கம் ஏஎச்பி2. இன்னொரு பக்கம் சேனலுக்கு ஒரே ஒரு 300பி வைத்த, 8 வாட் தரும் சிங்கிள்-எண்டட் ஆம்ப் (அலை முழுவதையும் அந்த ஒரே வால்வு ஓட்டும் வகை).

ஸ்பீக்கரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், துல்லியமா இனிமையா என்ற கேள்வி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருப்பதால். 1970களில் பிபிசி பொறியாளர்கள் இதை ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்தார்கள். இடம் குறைவு, பேச்சுக் குரல் பிசகாமல் கேட்க வேண்டும் என்பதுதான் தேவை. உள்ளளவு சுமார் 5 லிட்டர், 12 மில்லிமீட்டர் பிர்ச் ப்ளைவுட், கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கு), டி27 ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கு). இத்தனை சிறிய மூடிய பெட்டியில் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் வராது. 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒலி கொஞ்சம் கூடும் ஒரு சிறு மேடு இருக்கிறது. அதைக் கேட்டுக் காது "பேஸ் இருக்கிறது" என்று நம்பிவிடுகிறது. குரல் பகுதியில் கறாராக இருந்துகொண்டு, கீழ்ப்பகுதியில் காதுக்குச் சலுகை கொடுத்த வடிவம் இது. ஐம்பது வருடமாகியும் ஆட்கள் இதைத் தேடுவதற்கு அந்தக் கலவைதான் காரணம்.

இப்போது 300பி. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 1938இல் கொண்டுவந்த ட்ரையோடு வால்வு இது. சிங்கிள்-எண்டட் சுற்றில், எதிர்ப் பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிப் பிழையைக் குறைக்கும் முறை) இல்லாமல் ஓட்டினால், முழு சக்தியில் சில சதவீதம் டிஸ்டார்ஷன், அதாவது மூலத்தில் இல்லாத ஒலிக் கலப்பு, வரும். அதில் பெரும்பகுதி இரண்டாம் ஹார்மோனிக், அதாவது மூல அதிர்வெண்ணின் இரு மடங்கு. கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சுரக் கணக்கில் சொன்னால் சுலபமாகப் புரியும். ஸட்ஜத்தின் இரண்டாம் ஹார்மோனிக் மேல் ஸட்ஜம். மூன்றாவது, அதற்கும் மேலே உள்ள பஞ்சமம். நான்காவது மறுபடியும் ஸட்ஜம். ஐந்தாவது அந்தர காந்தாரம். ஏழாவதுதான் எந்த சுரஸ்தானத்திலும் உட்காராது. அதாவது ட்ரையோடு சேர்க்கும் அழுக்கின் பெரும்பகுதி, நல்ல தம்புராவே சேர்க்கிற சங்கதிதான். தனிக்குரலோ தனி வீணையோ கேட்கும்போது சுரத்துக்குக் கொஞ்சம் சதை பிடித்த மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுவே. கேட்பவரின் கற்பனை இல்லை.

சிக்கல், இரண்டு சுரம் சேர்ந்து ஒலிக்கும்போது வருகிறது. நம் இசையில் தம்புரா எப்போதும் ஒலித்துக்கொண்டே இருப்பதால், இரண்டு சுரம் சேராத நேரமே கிடையாது. ஏறத்தாழ இரண்டு கட்டை சுருதியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஸட்ஜம் 150 ஹெர்ட்ஸ். மாயாமாளவகௌளையில் பாடகர் சுத்த ரிஷபத்தில் நிற்கிறார்: 160 ஹெர்ட்ஸ். இரண்டாம் ஹார்மோனிக்குகள் 300, 320. இவை இயல்பாகவே இருப்பவை, தொல்லை இல்லை. ஆனால் ஹார்மோனிக்கை உண்டாக்கும் வால்வின் அதே கோணல், இரண்டு சுரத்தையும் கூட்டி 310இல் ஒரு புதிய ஒலியை உண்டாக்குகிறது. இரண்டும் ஒரே அளவில் இருந்தால் இந்த 310, தனித்தனி ஹார்மோனிக்கைவிட 6 டெசிபெல் பெரியது. 300க்கும் 320க்கும் நட்டநடுவே நின்று, இரண்டு பக்கமும் நொடிக்குப் பத்து முறை அதிர்வு கொடுக்கும். தம்புரா சற்று உரக்கப் பதிவான பழைய கச்சேரிகளில், 300பி ஆம்பின் ஒலியைக் கூட்டினால், ரிஷபத்தில் ஒரு மெல்லிய கரகரப்பு ஏறுவதைக் கேட்கலாம். அதே பாடகர் பஞ்சமத்துக்கு ஏறியதும் அது காணாமல் போகும். 150க்கும் 225க்கும் கூட்டுத்தொகை 375, அதாவது மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம். கழித்தால் 75, கீழ் ஸட்ஜம். இரண்டும் சுருதியோடு ஒட்டிப்போகும். ஒரே ஆம்ப் ஒரே பாட்டில் ஒரு சுரத்துக்கு நண்பனாகவும் இன்னொன்றுக்குப் பகையாகவும் இருக்கிறது என்பதே நிறம் சேர்க்கும் கருவியைப் பற்றி அறிய வேண்டிய முக்கியமான விஷயம்.

ஏஎச்பி2இல் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதன் பிழை, கேட்கக்கூடிய எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. மே மாதம் ஏசி போட்ட ஹாலில் மின்விசிறிச் சத்தமே 40 டெசிபெல் இருக்கும்போது, பிழை மைனஸ் 100 டெசிபெல்லில் இருப்பதற்கும் மைனஸ் 118இல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் யார் காதுக்கும் எட்டாது. அந்த எண்களுக்காக யாரும் காசு கொடுக்க வேண்டாம். இதே விலையில் பாதிக்குக் கிடைக்கும் நல்ல க்ளாஸ் டி ஆம்புகளும் இந்த ஸ்பீக்கரில் ஏறத்தாழ இப்படியே ஒலிக்கும்.

ஆனால் இரண்டு ஆம்புக்கும் நடுவே முதலில் காதில் படும் வித்தியாசம் டிஸ்டார்ஷன் அல்ல, அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்பின் வெளியீட்டிலேயே இருக்கும் மின்தடை. டிரான்சிஸ்டர் ஆம்பில் அது ஓமில் மிகச் சிறு பங்கு. 300பி வகையில் 2, 3 ஓம் சகஜம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஒரு ஸ்பீக்கர் 4 ஓமிலிருந்து 20 ஓம் வரை ஏறி இறங்குகிறது, ஆம்ப் 2 ஓம் என்று வையுங்கள். 4 ஓம் இடத்தில் 3.5 டெசிபெல் இழப்பு, 20 ஓம் இடத்தில் 0.8 மட்டும். ஆக 2.7 டெசிபெல் அளவுக்கு ஒலியின் வளைவே மாறிவிடுகிறது. டோன் கன்ட்ரோலைத் திருப்பியதற்குச் சமம். அதுவும் நீங்கள் திருப்பாமல், ஸ்பீக்கர் மாறினால் தானும் மாறிக்கொள்ளும் டோன் கன்ட்ரோல்! கடையில் ஒரு ஸ்பீக்கரோடு மயக்கிய வால்வு ஆம்ப், வீட்டு ஸ்பீக்கரோடு மந்தமாகப் போவது இதனால்தான். பெட்டியின் மேடு இருக்கும் பகுதியில் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸும் ஏறுவதால், எல்எஸ்3/5ஏவில் 300பி போட்டால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் "தோம்" ஒரு விரற்கடை நீள்கிறது. சிலருக்கு இது கும்மென்ற சுகம். வலந்தலையில் விழும் வேகமான சொற்களுக்கு நடுவே இடக்கையைத் தனியாகப் பிரித்துக் கேட்க விரும்புபவருக்கு இடைஞ்சல்.

வாங்குமுன் இதை அளந்துவிடலாம். 8 ஓம் 50 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் இரண்டு போதும். வால்வு ஆம்பை ஸ்பீக்கரோ ரெசிஸ்டரோ மாட்டாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் காப்பு உடைந்துவிடும். அதனால் "லோடு இல்லாமல் ஒரு அளவு" என்ற பாடப்புத்தக முறை இங்கே ஆகாது. 100 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஆம்பின் 8 ஓம் ஸ்பீக்கர் முனையில் ஒரே ரெசிஸ்டரை மாட்டி 2.00 வோல்ட் வரும்வரை ஏற்றுங்கள். வால்யூமைத் தொடாமல், ஆம்பை அணைத்து இரண்டு ரெசிஸ்டரையும் தொடராக மாட்டி 16 ஓம் ஆக்கி மறுபடி அளவெடுங்கள். பெரிய அளவைச் சிறிய அளவால் வகுத்தால் வரும் விகிதத்திலிருந்து 1ஐக் கழித்து 16ஆல் பெருக்குங்கள். அதை, 2இலிருந்து விகிதத்தைக் கழித்த மீதியால் வகுங்கள். 2.22 வோல்ட் வந்தால் விகிதம் 1.11, விடை ஏறத்தாழ 2 ஓம். 8ஐ அதால் வகுத்தால் டம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கர் மேல் ஆம்புக்கு உள்ள பிடி) 4. டிரான்சிஸ்டர் ஆம்பில் இரண்டு அளவும் மல்டிமீட்டரில் ஒன்றாகவே தெரியும்.

இன்னொரு சோதனை எல்லாரும் செய்து பார்க்க வேண்டியது. டிரான்சிஸ்டர் ஆம்பிலிருந்து போகும் சிவப்பு வயரில், சேனலுக்கு ஒன்றாக, 2 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்துக் கேளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுதான். வால்வு ஒலி என்று சொல்லப்படுவதில் பெரிய பங்கு அங்கேயே கிடைத்துவிடும். 1985இல் அமெரிக்க ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர் செய்துகாட்டியது இதன் பெரிய அண்ணன்: விலை உயர்ந்த ஒரு ஆம்பின் நடத்தையோடு தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒத்துப்போகும் வரை உள்ளே திருத்தினார். ஸ்டீரியோஃபைல் பத்திரிகையில் கேட்டுப் பார்த்தவர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமன் செய்யாவிட்டால் எல்லா உழைப்பும் வீண். 1 டெசிபெல் உரக்க ஒலிப்பது எப்போதும் "நல்ல ஆம்ப்" ஆகத் தோன்றும். 400 ஹெர்ட்ஸ் டோனில் ஸ்பீக்கர் முனையில் 2.00 வோல்ட்டுக்கு இரண்டு ஆம்பையும் கொண்டுவாருங்கள், 2.02க்கு மேல் போகக் கூடாது, அதுவே 0.1 டெசிபெல். 1000 ஹெர்ட்ஸ் டோன் வேண்டாம். சாதாரண மல்டிமீட்டர் ஏசி அளவில் 400க்கு மேலே தடுமாறும். மாற்றி மாட்டுவதை வேறொருவர் செய்யட்டும், எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது.

பாடலுக்குப் பாடல் கேட்டபோது வித்தியாசம் எங்கே விழுந்தது என்று சொல்கிறேன். வீணைத் தனியும், மெல்லிய பெண் குரலும், மாலை வேளையில் தணிந்த ஒலியில்: 300பி தெளிவாக முந்துகிறது. இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் குரல் பெட்டியை விட்டு வெளியே வந்து நிற்கிறது. இதை மறுப்பவர்கள் நிதானமாகக் கேட்கவில்லை என்றே சொல்வேன். வயலினும் குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் நிரவலில் ஏஎச்பி2தான். இரண்டு கோடும் தனித்தனியாகத் தெரிகின்றன.

நாகஸ்வரமும் தவிலும் 300பிக்கு ஒத்துவராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஸ்பீக்கர் 2.83 வோல்ட்டுக்கு ஒரு மீட்டரில் சுமார் 83 டெசிபெல். 16 ஓம் முனையில் 8 வாட் என்றால் 11.3 வோல்ட், அதாவது 12 டெசிபெல் கூடுதல், மொத்தம் 95. ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபம் மாதிரி கல் மண்டபத்தில் பக்கத்தில் நின்று தவில் கேட்டவர்களுக்கு அது எந்த மூலைக்கு என்று தெரியும். சக்தி போதாதபோது ட்ரையோடு அலையின் முனையை மழுக்கி வெட்டுவதால் காதைக் கிழிக்காது, ஆனால் தவிலின் அறைச்சொல்லில் உள்ள அடி செத்துப்போகிறது. "இதமாக இருக்கிறது" என்று தோன்றுவது உண்மையில் அடி காணாமல் போனது.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இன்னும் நல்ல உரைகல் கூத்து. செய்யாறு, புரிசை பக்கத்து மேடைகளில் பாடும் உச்சக் குரல், முகவீணை, கைத்தாளம். ஒலிபெருக்கி இல்லாத ஒத்திகையைக் கையடக்க ரெக்கார்டரில் பதிவு செய்து, மறுநாளே வீட்டில் போட்டுக் கேளுங்கள். நிஜ ஒலி நினைவில் இருக்கும். முகவீணையின் குத்தல் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸில் இருக்கிறது, அது குத்தத்தான் வேண்டும். 300பி அதைப் பூசி மெழுகிவிடுகிறது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் கேட்கிற பம்பையை மட்டும் எந்த ஆம்பாலும் எல்எஸ்3/5ஏவில் மீட்க முடியாது. அந்த அதிர்வு ஸ்பீக்கரின் எல்லைக்குக் கீழே இருக்கிறது. ஏஎச்பி2 வைத்திருப்பவர்கள் பம்பைப் பதிவில் கை வைக்கும் முன் 70 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழே உள்ள ஒலியை வடிகட்டுவது) போட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் சுமார் 25 வாட்டுக்கு வடிவமைத்தது, ஆம்ப் 15 ஓமில் அதைப்போல் இரு மடங்கு தள்ளும், பி110 கூம்பு முட்டிக்கொள்ளும்.

துல்லியம் என்றால் எதற்குத் துல்லியம் என்ற கேள்வியும் நியாயமானது. சபா பதிவுகளில் மைக் வைத்த இடம், வீணைக்கு ஒட்டிய பிக்கப், கலந்தவர் கேட்ட ஸ்பீக்கர், எல்லாமே ஏற்கனவே நிறம் சேர்த்துவிட்டன. ஆனால் ஒவ்வொரு பதிவிலும் அந்த நிறம் வேறு. அதன் மேல் எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தைப் பூசினால், சிலதுக்குப் பொருந்தும், பலதுக்குப் பொருந்தாது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஒலி ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல் நடத்திய திரை மறைவுச் சோதனைகளில், பிராண்டைப் பார்க்காமல் கேட்டவர்கள் பெரும்பாலும் சமமான, வழவழப்பான வளைவு கொண்ட ஸ்பீக்கர்களையே விரும்பினார்கள் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

அதனால் நிறம் வேண்டுவோர் அதை ஈக்வலைசரில் வையுங்கள். பாராமெட்ரிக் ஈக்வலைசர் (எந்த அதிர்வெண்ணையும் தனியாக ஏற்றி இறக்க உதவுவது) உள்ள ஸ்ட்ரீமர்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. 300பியின் இதம் வேண்டுமென்றால்: 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுவதும் (ஷெல்ஃப்) கூடுதல் 1.5 டெசிபெல், 3000 ஹெர்ட்ஸில் க்யூ (பட்டையின் அகலம்) 1 வைத்து குறைவு 1, 8000க்கு மேலே ஷெல்ஃப் குறைவு 1.5. ஏற்றிய அளவுக்கு ப்ரீ-கெயினை (ஈக்வலைசருக்குள் நுழையும் ஒலி அளவை) 1.5 குறைக்க மறந்தால் டிஜிட்டலிலேயே வெட்டும். இதை "வீணை" என்று சேமித்துவையுங்கள். கூத்துக்கு அணைத்துவிடுங்கள். கேசட்டிலிருந்து எடுத்த மெலிந்த பதிவுகளுக்குத் தனியாக ஒன்று. இரண்டாம் ஹார்மோனிக்கே வேண்டும் என்பவர்கள் வால்வு ப்ரீ-ஆம்ப் ஒன்றைச் சேர்த்து, பைபாஸ் ஸ்விட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம்.

ஏஎச்பி2 வாங்குவோர் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். உள்ளீடு எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் இணைப்பு) மட்டும். ஆர்சிஏ வெளியீடு உள்ள டாக் (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) இருந்தால் கேபிளில் 2ஆம் முள்ளுக்குச் சிக்னல், 3ஆம் முள் ஆர்சிஏ பக்கத்தில் தரையோடு சேர வேண்டும். பின்னால் உள்ள கெயின் ஸ்விட்சை 2 வோல்ட் டாக்குக்கு உயர் கெயின் நிலையிலும், 4 வோல்ட்டுக்கு நடு நிலையிலும் வையுங்கள். குறைந்த கெயின் நிலை ஸ்டுடியோ அளவு சிக்னலுக்கானது, வீட்டு டாக்கில் "சத்தமே வரவில்லை" என்ற புகார் பெரும்பாலும் இதனால் வருகிறது.

300பிதான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கு இந்த ஊரில் மூன்று எதிரிகள். முதலாவது வோல்டேஜ். இறக்குமதி ஆம்புகள் பல 220 வோல்ட்டுக்குச் சுற்றியவை. பின்னிரவில் லைன் 245 காட்டினால் 11 சதவீதம் கூடுதல். 5 வோல்ட் ஃபிலமென்ட்டுக்கு (வால்வைச் சூடாக்கும் இழை) 5.5க்கு மேல் போகும், ஏற்கத்தக்கது 5.25 வரைதான். வால்வு சீக்கிரம் தேய்ந்துபோகும். வாங்குமுன் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரில் 240 வோல்ட்டுக்கான இணைப்பு (டேப்) இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் சர்வோ ஸ்டெபிலைசர். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரம் ஸ்பீக்கரைவிட முன்னால் கேட்கும், சைன் வேவ் மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டாவது சூடு. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் சுமார் 150 வாட் வெப்பமாகும். தினம் 4 மணி நேரம் என்றால் மாதம் 18 யூனிட், அதோடு அதை வெளியேற்ற ஏசி செலவு. மேலே குறைந்தது ஒரு அடி இடைவெளி விடுங்கள், மூடிய ஷோகேஸில் வைக்காதீர்கள். மூன்றாவது எர்த். கோடையில் மண் காய்ந்து எர்த் பிட் செத்துப்போனால் ஹம் ஏறும். பிட்டில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஹம் நிற்க வேண்டும் என்று எர்த் பின்னைக் கழற்றுவது உயிருக்கு ஆபத்து. உள்ளே 400 வோல்ட் ஓடுகிறது, அணைத்த பிறகும் கபாசிட்டரில் நிற்கும்.

15 ஓம் எல்எஸ்3/5ஏவை 16 ஓம் முனையில் மட்டுமல்ல, 8 ஓம் முனையிலும் மாட்டிப் பாருங்கள். வால்வுக்குத் தெரியும் லோடு இரட்டிப்பாகும். சக்தி குறையும், டிஸ்டார்ஷனும் குறையும், டம்பிங் கூடும். மேலே சொன்ன ரிஷபக் கரகரப்பு நன்றாகவே தணிந்தது, தொப்பியும் இறுகியது. 300பியை இந்த ஸ்பீக்கரோடு வைத்திருப்பவர்களுக்குச் செலவில்லாத ஒரே மேம்பாடு இது.

அறையைக் கவனிக்காமல் இதில் எதையும் கேட்க முடியாது. இந்த ஹாலில் நீளத்தால் 41, அகலத்தால் 48, உயரத்தால் 57 ஹெர்ட்ஸில் ஒலி முட்டிக்கொள்கிறது. எல்எஸ்3/5ஏ அங்கே வாசிப்பதே இல்லை என்பதால், பெரிய ஸ்பீக்கர் கும்மும் சிமென்ட் அறையில் இது தெளிவாக ஒலிக்கிறது. ஆனால் அகலம், உயரத்தின் அடுத்த படிகள் 95, 114 ஹெர்ட்ஸ். பெட்டியின் மேடும் அங்கேதான். அதனால் பின்சுவரிலிருந்து இரண்டடிக்குக் குறையாமல், மூலையை விட்டுத் தள்ளி வையுங்கள். ஸ்டேண்ட் இரண்டடி உயரம், குழாயில் சலித்துக் காயவைத்த மணல் நிரப்பினால் கணகணப்பு நிற்கும். தரையில் ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் நடுவே ஜமக்காளம் இரண்டாக மடித்து விரியுங்கள். இருக்கைக்குப் பின்னால் 4 அங்குல இலவம்பஞ்சு மெத்தையை, சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி நிறுத்தினால் 400 ஹெர்ட்ஸுக்கு மேலே எதிரொலி கணிசமாக அடங்கும். இரண்டு ஆம்புக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைவிட இந்த மெத்தை செய்த வித்தியாசம் பெரிது.

கடையில் கேட்க இங்கிருந்து சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே கம்பளம் விரித்த, குளிரூட்டிய அறையில் அரைமணி நேரம் கேட்டுவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் கூத்துப் பதிவையும் ஒரு நாகஸ்வரப் பதிவையும் பென்டிரைவில் கொண்டுபோங்கள், இரண்டு ரெசிஸ்டரையும் மல்டிமீட்டரையும் பையில் வையுங்கள். ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள். தந்தால் ஏப்ரல் அல்லது மே மாதத்தில் வாங்கி, பகல் இரண்டு மணிக்கும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.